பல்லுக்காரரின் இனிஷியல்

பல்லுக்காரருக்குப் பல் பிடுங்கத் தெரியாது. அது டாக்டர்கள் வேலை. பிடுங்கின இடத்தில் வைத்துக்கொள்ளப் பல் செட் செய்து கொடுப்பதுதான் இவர் வேலை. டாக்டர்கள் ஆட்களின் வாயில் அளவு எடுத்து அனுப்புவார்கள். அந்த அளவில் வெள்ளை மாவைக் கரைத்து ஊற்றி அச்சு எடுப்பார். அச்சின்மேல் மெழுகு கட்டி, மெழுகில் பல் பல்லாக நட்டு, பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு, ஈறு நிறத்தில் ஒரு மாவை அழுத்தி வெந்நீரில் வேகவைப்பார். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் தன் தயவில்தான் சிரிக்கிறார்கள் என்று அவரே சொல்லிக்கொள்வதுண்டு. சொல்லிவிட்டு அவர் சிரிக்கும்போது மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் இடையே ஒரு சந்து தெரியும். ஊருக்கெல்லாம் பல் கட்டியவர் தன் சந்தை அப்படியே விட்டுவைத்திருந்தார்.

அவருடைய பட்டறை ஒரு பல் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உள்ளே நுழைந்தால் சட்டையெல்லாம் வெள்ளைத் தூசி. சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் வரிசையாகத் தாடைகள். ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் ஆள் பெயர் எழுதியிருக்கும். புதிதாக வருகிறவர்கள் கொஞ்சம் மிரளுவார்கள். பல்லுக்காரருக்கோ அத்தனை வாய் சுற்றி இருந்தும் ஒன்றும் பேசாமல் இருப்பது பெரிய நிம்மதி.

வீட்டில்தான் நிம்மதி இல்லை. மனைவி நர்ஸ். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, பெண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது பெண்ணுக்கு ஒரு பால் பல்கூட விழவில்லை. இப்போது போனில் முகத்தைக் கிட்டக் கொண்டுவந்து வாயைத் திறந்து காட்டுகிறது, முன்னால் நாலு பல்லைக் காணோம். "நீங்க வந்து எனக்குப் பல்லு வெச்சு விடுங்கப்பா" என்று கேட்கிறது. முளைத்துவிடும் கண்ணு என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தபிறகு பல்லுக்காரர் வெகுநேரம் அந்தக் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஊரான் வீட்டுக் கிழவர்களின் பல்லையெல்லாம் தடவிப் பார்க்கிறவனுக்குப் பெற்ற பெண்ணின் பல் விழுவதைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

மனைவியின் ஆஸ்பத்திரியில் இந்த வருஷம் ஒரு வழி திறந்திருந்தது. குடும்பத்தை வரவழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். வருஷக் கடைசிக்குள் பாஸ்போர்ட் இருந்தால் இவரும் போகலாம். இல்லையென்றால் அடுத்த கதவு எப்போது திறக்கும் என்று யாருக்கும் தெரியாது. பல்லுக்காரர் அதுவரை பாஸ்போர்ட் எடுத்ததில்லை, எடுக்க ஒரு தேவையும் வந்ததில்லை.

பாஸ்போர்ட்டுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடச் சான்று செல்லாதாம். இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, பெற்றவர்களில் ஒருவராவது இந்த நாட்டுக் குடியுரிமை உள்ளவராக இருக்க வேண்டும் என்பது சட்டம். அவருடைய அம்மா கடல் தாண்டி இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். குடியுரிமைக்கு மனுப் போடுகிறேன் போடுகிறேன் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்து, போடாமலே செத்துப்போனார். அதனால் அப்பாவின் குடியுரிமைதான் கதி. அப்பாவின் சான்று பத்திரமாக இருந்தது. பிறப்புச் சான்றிதழில் அதே அப்பா பெயர் இருந்துவிட்டால் தீர்ந்தது.

இதுநாள்வரை அந்தச் சான்றிதழை வீட்டில் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பல்லுக்காரர் நகராட்சியின் பழைய பதிவு அறைக்குப் போய் மனுக் கொடுத்து, நகலை வாங்கிவந்தார். தேதி சரியாக இருக்கிறதா, தன் பெயர் சரியாக இருக்கிறதா, முத்திரை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். அப்பா பெயரை எவன் சரிபார்ப்பான்? மடித்து உறையில் போட்டுக்கொண்டார்.

பாஸ்போர்ட் ஆபீசில் அவர் முறை வந்தபோது, கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அதிகாரி அம்மாள் சான்றிதழை விரித்துவைத்துக்கொண்டு, அப்பாவின் குடியுரிமைச் சான்றைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"உங்க இனிஷியல் என்ன?"

"ம."

"இதுல 'ச' வருதே. உங்க அப்பா பேரு 'ச'வுலல்ல ஆரம்பிக்குது?"

பல்லுக்காரர் எட்டிப் பார்த்தார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. தெருவுக்கு மூன்று பேருக்கு இருக்கிற சாதாரணப் பெயர்தான், ஆனால் அப்பாவின் பெயர் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஒரு ஆள் தன் பக்கத்து ஆளிடம், "இனிஷியலே இடிக்குதாம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான், ஆனால் வரிசை முழுக்கக் காது. நம் ஆட்களிடம் ஒருவனை அவமானப்படுத்த வேண்டுமென்றால் கெட்ட வார்த்தை தேடவே வேண்டாம், உன் இனிஷியல் என்ன என்று ஒரு தினுசாகக் கேட்டால் போதும். பின்னால் இரண்டு மூன்று பேர் மூக்கால் சிரித்தார்கள். பல்லுக்காரருக்குக் காது மடல் சுட்டது. நாற்பது வயது ஆள், இஸ்திரி போட்ட சட்டையோடு, யாரோ உடுப்பை உருவிவிட்ட மாதிரி நின்றார்.

அதிகாரி அம்மாள் கெட்டவள் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் பேசினாள். ஆனால் சொன்ன விஷயத்தைத் தாழ்த்திச் சொல்ல வழியில்லை.

"குடியுரிமை உங்களுக்கு அப்பா வழியாத்தான் வருது. இந்தப் பேப்பர்படி உங்க அப்பா வேற ஒருத்தர். அந்த ஒருத்தர் யாருன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றார். அம்மா இருக்கிறாளா என்று கேட்டாள். இருக்கிறாள் என்றார். அப்படியென்றால் அவளை நேரில் அழைத்து வர வேண்டும், அவள் தன் வாயால் சொல்வதைத் தான் எழுதிக்கொண்டு கைநாட்டு வாங்க வேண்டும், அதற்கப்புறம்தான் மேலே நகரும் என்று சொல்லி, மூன்று நாள் தள்ளி ஒரு நேரம் குறித்துக் கொடுத்தாள்.

அன்று மனைவியிடம் போனில், ஒரு சின்ன எழுத்துப்பிழை, சரிபண்ணிவிடலாம் என்றார். ஒரே ஒரு எழுத்துத்தானே என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒரே ஒரு எழுத்து என்று பல்லுக்காரரால் விட முடியவில்லை. அன்றைக்குப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு கீழ்செட்டுக்கு மெழுகு கட்டிக்கொண்டிருந்தவருக்கு, நினைக்கக் கூடாததெல்லாம் நினைவுக்கு வந்தது. சான்றிதழில் இருந்த அந்தப் பெயர் தெருமுனைக் கடிகாரக்கடைக்காரருடையது.

கடிகாரக்கடைக்காரர் அப்பாவின் உயிர்ச் சிநேகிதர். அப்பா லாரி ஓட்டினவர். கிளம்பினால் பத்து நாள், பதினைந்து நாள் வீட்டுப் பக்கம் தலைகாட்ட மாட்டார். அந்த நாட்களில் வீட்டுக்கு அரிசி பருப்பு வாங்கிப் போட்டது கடிகாரக்கடைக்காரர். பையனுக்குக் காய்ச்சல் என்றால் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினது அவர். வாரம் தவறாமல் சட்டைப்பையிலிருந்து மிட்டாய் எடுத்துக் கொடுத்தது அவர். இதெல்லாம் நாற்பது வருஷமாக நல்ல விஷயங்களாகத்தான் இருந்தன. ஒரு எழுத்து மாறினதும் ஒவ்வொன்றும் திரும்பி நின்று வேறு முகம் காட்டியது. இன்னொன்றும் இருந்தது. கடிகாரக்கடைக்காரருக்கு மேல்வரிசையில் நடுப்பல் இரண்டுக்கும் இடையே சந்து.

போன மாதம்தான் அவருக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போய், ஒரு சின்னத் தகடு செய்து கொடுத்திருந்தார். அச்சு பலகையிலேயே இருந்தது. பல்லுக்காரர் எழுந்து கதவை உள்பக்கம் தாழிட்டார். அப்புறம் அவர் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, அவருக்கு எப்படி இருந்திருக்கும். கிண்ணத்தில் அளவு எடுக்கிற மாவைக் கரைத்தார். கரண்டி மாதிரி இருக்கும் அந்த அளவுத் தட்டில் அதை அப்பி, டாக்டர்கள் ஊராருக்கு வைக்கிற மாதிரியே தன் வாய்க்குள் தானே வைத்து அழுத்திக்கொண்டார். குமட்டிக்கொண்டு வந்தது, கண்ணில் நீர் வழிந்தது. தனக்கு எதிரே கண்ணாடியில், வாயில் தட்டின் பிடியோடு எச்சில் ஒழுக நிற்கிற மனிதனைப் பார்த்தார். ஆனாலும் எடுக்கவில்லை. இறுகும்வரை நின்றார்.

அந்த அளவில் வெள்ளை மாவை ஊற்றி எடுத்த அச்சு காய்ந்ததும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். சந்து அதே இடம், கிட்டத்தட்ட அதே அகலம். அப்பாவின் அச்சையும் தேடி எடுத்தார். அதிலே ஒரு பல்கூட இல்லை. அப்பா செட் கட்டிக்கொள்ள வந்தபோது எல்லாம் போயிருந்தது, அது வெறும் ஈறு. அதை வைத்துக்கொண்டு யாரை என்ன கேட்பது?

பல்லில் சந்து உள்ளவனெல்லாம் ஒரு தகப்பன் பிள்ளை என்றால் பாதி ஊர் ஒரே வீடாகிவிடும். இது பல்லுக்காரருக்குத் தெரியாதா? தன்னிடம் வேலை பழக வந்தவர்களிடம் அவரே சொன்னதுதான். சந்தேகம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கேயோ போய் ஒளிந்துகொள்கிறது.

போதாக்குறைக்கு மறுநாள் காலையில் கடிகாரக்கடைக்காரரே வந்து நின்றார். தகடு இடது பக்கம் உறுத்துகிறது, கொஞ்சம் ராவிக்கொடு என்றார். பல்லுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டு ராவினார். ராவிக்கொண்டே, அப்பா லாரியில் போகிற நாட்களில் நீங்கள்தான் வீட்டைப் பார்த்துக்கொள்வீர்களாமே என்று விட்டுப் பார்த்தார். கிழவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

"பின்னே? வீட்டுச் சாவியில ஒண்ணு என்கிட்டதான் இருக்கும். உங்கப்பன் என்னைத் தவிர வேற யாரை நம்பினான்?"

எந்த மகனும் சந்தோஷப்பட வேண்டிய பேச்சு அது. பல்லுக்காரர் தலை நிமிரவில்லை. கையிலிருந்த தகட்டைத் தேவைக்கு மேல் ராவிவிட்டார். வாயில் போட்டுப் பார்த்த கிழவர், இப்போது கொஞ்சம் ஆடுகிற மாதிரி இருக்கிறது, பரவாயில்லை, பழகிவிடும் என்று சொல்லிவிட்டு, இவர் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனார். செய்யும் வேலையில் வேண்டுமென்று கெடுதல் செய்தது அவருக்கு அதுவே முதல் தடவை.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் கம்பெனியில் இருபது வருஷம் டப்பா கட்டின கை. எதை நறுக்கினாலும் ஒரே நீளத்துக்குத்தான் நறுக்கும். பல்லுக்காரர் சட்டையைக் கழற்றாமல் எதிரே உட்கார்ந்தார். வழியெல்லாம் வேறு மாதிரி கேட்க நினைத்திருந்தார். வாயைத் திறந்ததும் வந்தது இதுதான்.

"கடிகாரக்கடை மாமா நமக்கு எப்பலேர்ந்தும்மா பழக்கம்?"

"ரொம்ப நாளா. ஏன்?"

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. நான் இந்த ஊருக்கு வந்த அன்னிக்கே ரயிலடிக்கு வந்து மூட்டை தூக்கினவராச்சே" என்று அம்மா சிரித்தாள். கை நறுக்குவதை நிறுத்தவில்லை. பல்லுக்காரர் பையிலிருந்து சான்றிதழை எடுத்து அவள் முன்னால் வைத்தார். தகப்பனார் பெயர் என்று இருந்த இடத்தில் விரலை வைத்து, யார் இது என்று கேட்டார்.

அம்மா அந்த நாளில் எழுதப் படிக்கத் தெரியாதவள். பிஸ்கட் டப்பாக்களில் லேபிள் ஒட்டி ஒட்டிப் பிற்பாடு கற்றுக்கொண்டது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள், பீன்ஸ் தட்டு ஆடியது.

"அடப்பாவி மனுஷா, இப்படியா எழுதிவெச்சான்" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்துவிட்டது. ஏதோ பழைய வேடிக்கை ஒன்றைச் சொல்ல வாயெடுத்தாள். எடுத்தவள், மகன் முகத்தைப் பார்த்தாள். அவர் சிரிக்கவில்லை.

அம்மா மறுபடியும் சான்றிதழைப் பார்த்தாள். அந்தப் பெயரை இன்னொரு தரம் எழுத்துக் கூட்டினாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகத்தை விட்டுப் போயிற்று.

"அதுக்குத்தான் கடிகாரக்கடை அண்ணனைப் பத்திக் கேட்டியா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். கோபப்படுவாள், அழுவாள், இல்லை பிடித்து நாலு வார்த்தை கேட்பாள் என்று எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். அம்மா சான்றிதழை மடித்து அவரிடம் நீட்டினாள்.

"என்னை அங்க வரச் சொல்லியிருப்பாங்களே. எப்பப் போகணும்?"

நாளை மறுநாள் காலையில் என்றார். சரி என்றாள். மிச்சமிருந்த பீன்ஸை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பெயர் யாருடையது என்று அவளும் சொல்லவில்லை, இவரும் திரும்பக் கேட்கவில்லை. கேட்கிற தகுதி அந்த நிமிஷத்தோடு போய்விட்டது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு சுவரோடுதான் நடந்தது. வேளாவேளைக்குச் சமையல் ஆனது, துணி துவைத்து மடித்து வைக்கப்பட்டிருந்தது. நீ, வா, போ என்பது மட்டும் நின்றுபோயிற்று. "சாப்பிடறவங்க சாப்பிடலாம்" என்று அடுப்பைப் பார்த்துச் சொல்வாள். "வெந்நீர் காஞ்சிருக்கு" என்று ஜன்னலிடம் சொல்வாள். வைதால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இதைத் தாங்க முடியவில்லை. பல்லுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருமுறை சமையலறை வாசலில் போய் நின்று, நான் அப்படி நினைக்கவில்லை அம்மா என்றார். அம்மா திரும்பாமலே, "நினைக்காதவங்க கேக்க மாட்டாங்க" என்றாள். அது சரியான பேச்சு. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவருக்கு. பட்டறைக்குப் போய்த் தன் தாடை அச்சைக் குப்பைக்கூடையில் போட்டார்.

குறித்த நாளில் அம்மா வெளியே போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கூப்பிடும் முன்னே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். பஸ்ஸில் இரண்டு பேர் உட்காரும் இருக்கை காலியாக இருந்தும், முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

ஆபீசில் அதே அதிகாரி அம்மாள். அம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னாள். பல்லுக்காரரைப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நான் கேட்பேன், நீங்கள் பதில் சொல்ல வேண்டும், மகன் குறுக்கே பேசக் கூடாது, சொல்வது சத்தியமாக எழுதப்படும் என்று விளக்கினாள். அம்மா தலையாட்டினாள். முதல் கேள்வி, உங்கள் வீட்டுக்காரர் பெயர் என்ன.

அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். பின்னால் வரிசை இருந்தது, அன்றைக்கு நின்ற ஆட்கள் இல்லை, ஆனால் அதே மாதிரிக் காதுகள். அதிகாரி அம்மாள் இன்னொரு தரம் கேட்டாள். அம்மா மேசைக்கு அந்தப் பக்கம் குனிந்து, நான் சொல்கிற வழக்கமில்லை, அதில்தானே இத்தனை வம்பும் வந்தது என்று சொல்லி, தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள்.

பிள்ளை பிறந்து பதிவு செய்யப் போன நாளில் வீட்டுக்காரர் லாரியோடு எங்கேயோ இருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு இவள்தான் போனாள். எல்லாம் கேட்டு எழுதின குமாஸ்தா, தகப்பன் பெயர் என்று கேட்டார். கட்டினவர் பெயரை எப்படி வாயால் சொல்வது? அவளுக்கு அப்போது பதினெட்டு வயது. எழுதிக் காட்டவும் தெரியாது. குமாஸ்தா பேனாவோடு காத்துக்கொண்டிருந்தார். வேறு வழி தெரியாமல் கையை மேலே காட்டி, "ராத்திரி ஆகாசத்துல வருமே சார், தேயும், வளருமே" என்றாளாம். ஓ, அதுவா என்று சிரித்துக்கொண்டே எழுதி, ஒரு துண்டுச் சீட்டில் எண்ணைக் குறித்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். கெட்டிக்கார மனுஷன், சட்டென்று புரிந்துகொண்டார் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவள், நாற்பது வருஷமாக அப்படியே நம்பிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி அம்மாள் இரண்டு தாளையும் மறுபடி பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒரு நிமிஷம் ஆயிற்று அவளுக்கு. பிறகு பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "ரெண்டும் நிலாதானா" என்றாள்.

குமாஸ்தா சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தார். அவள் காட்டினது நிலாவை, அவர் எழுதினதும் நிலாவை. தமிழில் நிலாவுக்கு ஒரே பெயரா இருக்கிறது? 'ம'வில் ஒன்று, 'ச'வில் ஒன்று, இன்னும் எத்தனையோ. குமாஸ்தா ஊரறிந்த பெயரைப் போட்டுவிட்டார். அது கடிகாரக்கடைக்காரருக்கும் வைத்திருந்த பெயர், அவ்வளவுதான் அவருக்கும் இதற்கும் சம்பந்தம். வரிசையில் யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை நல்ல சிரிப்பு. பல்லுக்காரர்தான் சிரிக்கவில்லை.

அவருக்கு வேறொன்று தெரிய ஆரம்பித்திருந்தது. அம்மா 'மதியம்' என்று சொல்லி அவர் கேட்டதே இல்லை. பகல் சாப்பாடு என்பாள், பகலுக்கு வந்துவிடு என்பாள், பன்னிரண்டு மணிக்கு மேலே என்பாள். அடுத்த வீட்டு அக்கா மதியம் என்றால்கூட, பகலா என்று திருப்பிக் கேட்பாள். அப்பா பெயரின் முதல் இரண்டு எழுத்து அந்தச் சொல்லில் இருந்தது. ஒரு பெண்பிள்ளை ஆயுசு முழுக்க ஒரு பொழுதின் பெயரையே தன் வாயில் வராமல் சுற்றிக்கொண்டு போயிருக்கிறாள். அவளைத்தான் அவர் ஒரு பல் சந்தை வைத்துக்கொண்டு விசாரித்திருக்கிறார். அந்த ஆபீஸ் தரை அப்படியே பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொண்டால் தேவலை என்று இருந்தது.

அதிகாரி அம்மாளுக்கு மனசு இளகித்தான் இருந்தது, ஆனாலும் சட்டம் இளகவில்லை. இதையெல்லாம் எழுதிக்கொள்கிறேன், ஆனாலும் பெயரை நீங்கள் வாயால் சொல்லித்தான் ஆக வேண்டும், வேறு யாரும் சொல்லக் கூடாது என்றாள். அம்மா வாயைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு சொன்னாள். கேட்கவில்லை என்றாள் அதிகாரி. அம்மா தலைப்பை எடுத்துவிட்டு, நிமிர்ந்து, அந்தக் கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

அப்பாவின் பெயர் அந்த வாயிலிருந்து வந்து பல்லுக்காரர் கேட்பது அதுதான் முதல் தரம். வேறு யாரோ ஒரு வாலிபனைக் கூப்பிட்ட மாதிரி இருந்தது. சொல்லி முடித்ததும் அம்மா கன்னம் சிவந்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். தனக்காக, தன்னை இங்கிருந்து அனுப்பிவைப்பதற்காக, இத்தனை பேர் நடுவில் அவளை இப்படி உட்காரவைத்துவிட்டோமே என்று பல்லுக்காரர் தலை குனிந்துகொண்டார்.

அதிகாரி அம்மாள் மளமளவென்று எழுதினாள். கல்யாணம் ஆன வருஷம், வந்து சேர்ந்த ஊர், வீட்டுக்காரர் செத்துப்போன தேதி எல்லாம் கேட்டாள். அம்மா தயங்காமல் சொன்னாள். கடைசியாக ஒரு கேள்விதான் இருக்கிறது, இது எல்லாரையும் கேட்பதுதான், தப்பாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்று சொல்லி, பேனாவால் பல்லுக்காரரைக் காட்டினாள்.

"இதோ நிக்கறவரு, உங்களுக்கும் அவருக்கும் பொறந்த பிள்ளைதானே?"

அம்மா திரும்பி மகனைப் பார்த்தாள். பீன்ஸ் நறுக்கின அன்றைக்குப் பிறகு நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான். உச்சியிலிருந்து கால்வரை ஒருமுறை நிதானமாகப் பார்த்தாள்.

"அவருக்குப் பொறந்தவன்தாம்மா. அதுல ஒரு சந்தேகமும் இல்லை. எனக்குப் பொறந்தவனான்னுதான் ரெண்டு நாளா யோசனையா இருக்கு."

அதிகாரி அம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள். அம்மா நல்ல தமாஷ்காரி என்று பக்கத்து மேசைக்காரரிடம் சொன்னாள். ஆமாம் என்று எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். எழுதிக்கொள்ளுங்கள், பொண்டாட்டி பிள்ளையோடு போய்ச் சேரட்டும் என்றாள் அம்மா. கட்டைவிரலை மையில் வைத்து, காட்டின இடத்தில் அழுத்தினாள். பல்லுக்காரர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை அவருக்கு இரண்டு தடவை காட்ட வேண்டியிருந்தது.

இனி ஒன்றும் தடையில்லை, பாஸ்போர்ட் வீட்டுக்கே வந்துவிடும் என்றார்கள். வெளியே வந்தார்கள். வாசலில் உயரமான படிகள். அம்மாவுக்கு முழங்கால் வலி, எங்கே போனாலும் படி இறங்கும்போது மகன் தோளைப் பிடித்துக்கொள்வாள். பல்லுக்காரர் ஒரு படி முன்னால் இறங்கி, தோளைக் கொடுத்து நின்றார். அம்மா ஓரமாகப் போய், கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.